கேப்டனோடு மல்லுக்கு நின்ற மாலுமியின் பழைய வழக்கைத் தேடிப் பிடிப்பது எப்படி? சென்னையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுப் பரணில் மாலுமியாக இருந்த பூட்டனாரின் டிஸ்சார்ஜ் தாள் (கப்பல் வேலையிலிருந்து விடுவிக்கும்போது தரும் சான்று) ஒன்று கிடைக்கிறது. "கப்பல்ல கேப்டனோட தகராறு, ஜெயில்ல போட்டாங்க" என்று பாட்டி எப்போதோ சொன்ன ஒரு வரி நினைவுக்கு வருகிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு வந்து, அட்டவணைப் புத்தகத்தில் 'மாலுமி' என்ற சொல்லுக்குக் கீழே தேடி, மூன்றாம் நாள் வெறுங்கையோடு திரும்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நானும் என் முதல் தேடலில் இரண்டு வாரத்தை அப்படித்தான் தொலைத்தேன்.

காரணம் எளிது. எல்லோரும் கோப்பிலிருந்து தொடங்குகிறார்கள். சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு, அந்தக் கொடி (அதாவது கப்பல் எந்த நாட்டுடையது), அந்தத் தகராறுக்கு எந்தச் சட்டம் பொருந்தியது என்று தெரிந்தால், புகார் யார் மேசைக்குப் போயிருக்கும் என்று தெரியும். மேசை தெரிந்தால் கோப்பு எங்கே என்று தெரியும். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

கப்பலின் பெயர், ஏறத்தாழ ஆண்டு, மாலுமியின் பெயர். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இல்லாமல் கிளம்பாதீர்கள். ஆள் பெயர் மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது கடலில் பெருங்காயம் கரைத்த கதைதான்.

டிஸ்சார்ஜ் தாள் இருந்தால் அதை வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். கப்பல் பெயருக்குப் பக்கத்திலேயே ஓர் எண் இருக்கும். 1855 முதல் பிரிட்டிஷ் கப்பல் ஒவ்வொன்றுக்கும் அதிகாரபூர்வ எண் கொடுத்தார்கள். ஒரே பெயரில் பத்துக் கப்பல் இருக்கும், எண் ஒன்றுக்குத்தான் இருக்கும். பெயரை விட்டாலும் எண்ணை விடாதீர்கள்.

அதே தாளில் நடத்தைக்கு ஒன்று, திறமைக்கு ஒன்று என்று இரண்டு முத்திரைகள் இருக்கும். 'வி.ஜி.' என்றால் மிக நன்று. 'டி.ஆர்.' என்றால் கேப்டன் கருத்துச் சொல்ல மறுத்தார் என்று பொருள். தகராறு நடந்திருந்தால் அதன் முதல் தடயம் பெரும்பாலும் இந்த இரண்டு எழுத்துதான். பார்த்தவுடன் பழைய ஊதா மை என்று தள்ளிவிடுகிறோம்.

பெயர்களை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருக்க முடியும் என்று வீட்டிலேயே ஒரு பட்டியல் போடுங்கள். காதர் மொய்தீனை ஒரு குமாஸ்தா எழுதிய விதத்தில் அடுத்த குமாஸ்தா எழுதியதில்லை.

2. ஆண்டைப் பிடித்தால் சட்டத்தைப் பிடிக்கலாம்

1729-இலேயே பிரிட்டனில் வணிகக் கப்பல் மாலுமிக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதன்பின் 1835, 1844, 1850 என்று அடுத்தடுத்துச் சட்டங்கள். நமக்குக் கிடைக்கும் வழக்குகளில் பெரும்பகுதி 1854-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்கும், அதை மாற்றிய 1894-ஆம் ஆண்டின் சட்டத்துக்கும் அடியில் வருபவை.

இந்தியாவில் தனி வரிசை ஓடியது. 1859-இன் 1-ஆம் சட்டம் இங்கே உள்ள துறைமுகங்களில் ஒப்பந்தம், சம்பளம், ஷிப்பிங் மாஸ்டர் (மாலுமி ஒப்பந்தங்களைக் கவனிக்கும் அரசு அதிகாரி) அலுவலகம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. அப்புறம் 1883, 1923 சட்டங்கள். சுதந்திரத்துக்குப் பின் 1958-இல்தான் நம் சொந்தச் சட்டம் வந்தது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அதே 1859-இல் 13-ஆம் சட்டம் என்று இன்னொன்று உண்டு. அது முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளிகளைத் தண்டிப்பதற்கானது. கோப்பில் '1859 சட்டம்' என்று மட்டும் கண்டால் எண்ணைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

பழைய கோப்புகளில் சட்டத்தின் பெயரே இருக்காது. '17, 18 விக்டோரியா, அத்தியாயம் 104' என்று இருக்கும். அரசி ஆட்சிக்கு வந்த 17, 18-ஆவது ஆண்டுகளில் நடந்த கூட்டத்தொடரில் நிறைவேறிய 104-ஆவது சட்டம் என்று அர்த்தம். விக்டோரியா 1837 ஜூனில் பட்டத்துக்கு வந்தார். கூட்டிப் பார்த்தால் 1854. இந்தக் கணக்கைப் பழகிக்கொண்டால் கோப்பின் பாதி மர்மம் விலகிவிடும்.

3. எந்தக் கொடி?

சென்னைக் கடலில் நின்ற கப்பல் என்பதற்காகச் சென்னைச் சட்டம் பொருந்தாது. கப்பலின் கொடிதான் முதலில்.

நம் ஐஸ் ஹவுஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1842-இல் கட்டிய அந்தக் கட்டடத்துக்குப் பனிக்கட்டி பாஸ்டனிலிருந்து அமெரிக்கக் கப்பல்களில் வந்தது. அந்தக் கப்பல் மாலுமிக்கும் கேப்டனுக்கும் தகராறு என்றால், அவர்களைக் கட்டுப்படுத்தியது 1790-இலிருந்து அமெரிக்கா இயற்றிய மாலுமிச் சட்டங்கள். புகார் முதலில் போவது அந்நாட்டுத் தூதரகப் பிரதிநிதியிடம். அதை எழும்பூரில் தேடினால், அவர் சென்னை அரசுக்குக் கடிதம் எழுதியிருந்தால்தான் ஏதாவது கிடைக்கும். புதுச்சேரிக்குப் போய்வந்த பிரெஞ்சுக் கப்பல்களுக்கும் இதே கதை.

4. ஒப்பந்தம் எங்கே கையெழுத்தானது?

சென்னைக்காரர் என்பதால் சென்னையில்தான் கப்பலேறியிருப்பார் என்று நினைப்பது அடுத்த தவறு. நீராவிக் கப்பல் கம்பெனிகள் இந்திய மாலுமிகளைப் பெரும்பாலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும்தான் எடுத்தன. ராயபுரத்துக்காரர் கல்கத்தா போய் ஒப்பந்தம் போட்டிருக்கலாம்.

இந்திய மாலுமிகளை 'லஸ்கர்' என்று தனியாகப் பிரித்து, தனி ஒப்பந்தத் தாளில் எழுதினார்கள். அந்தப் பிரிவினை வெறும் பெயருக்கு அல்ல. 1823-இன் சட்டம் ஒன்று, கப்பலில் எத்தனை பங்கு பிரிட்டிஷ் மாலுமிகள் இருக்க வேண்டும் என்ற கணக்கில் லஸ்கர்களை பிரிட்டிஷ் மாலுமிகளாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னது. அரசரின் குடிமகன்தான், ஆனால் பிரிட்டிஷ் மாலுமி இல்லை. சம்பளம், சாப்பாடு, படுக்க இடம் என்று அதன்பின் வந்த அத்தனை வித்தியாசத்துக்கும் இந்தப் பிரிவினை வழிவிட்டது. ஆகவே கப்பலின் முதன்மை மாலுமிப் பட்டியலில் உங்கள் ஆள் இல்லையென்றால் சோர்ந்துவிடாதீர்கள். லஸ்கர் பட்டியலைத் தனியாகக் கேளுங்கள். அதில் முதல் பெயர் செரங் (லஸ்கர்களின் தலைவர்), அடுத்து தண்டல் (அவருக்கு அடுத்தவர்). தண்டல் என்பது தோணிகளில் நம்மவர்கள் 'தண்டையல்' என்று சொல்கிற அதே சொல்தான், ஆள் பெயர் என்று குழம்ப வேண்டாம்.

பிரிட்டிஷ் கப்பல்களின் ஒப்பந்தங்கள் இன்று சிதறிக் கிடக்கின்றன. 1863 முதல் 1938 வரையானவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், செயின்ட் ஜான்ஸ் நகரத்தின் கடல்சார் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1865, 1875, 1885 என்று ஐந்தில் முடியும் ஆண்டுகள் கிரீனிச் அருங்காட்சியகத்தில். பத்தில் ஒரு பங்கு மாதிரி லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். எழுதிக் கேட்க வேண்டுமானால் கப்பல் எண், ஆண்டு இரண்டும் கட்டாயம். முதல் படியில் எண்ணை விடாதீர்கள் என்றது இதற்குத்தான்.

5. தகராறு யார் மேசைக்குப் போயிருக்கும்?

அதிகம் பேர் வழி தவறுவது இங்கேதான். கடல் வழக்கு என்றதும் உயர் நீதிமன்றம் என்று ஓடுகிறார்கள்.

சென்னையில் கடல்சார் நீதி அதிகாரம் நெடுங்காலமாக உண்டு. 1801-இல் வந்த உச்ச நீதிமன்றத்திடம் அது இருந்தது, 1862-இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1890, 1891 சட்டங்கள் அதை மறுபடி உறுதிப்படுத்தின. அந்த 1890, 1891 சட்டங்கள் 2018 ஏப்ரல் வரை இங்கே நடைமுறையில் இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்த நீதிமன்றம் பெரிய தொகைக்கானது.

சம்பளப் பாக்கி 50 பவுண்டுக்குள் என்றால் 1854-ஆம் ஆண்டின் சட்டப்படி அது மாஜிஸ்திரேட் முன்னால் சுருக்க விசாரணைக்குப் போக வேண்டியது. கப்பல் முதலாளி திவாலானது, கப்பல் ஏற்கெனவே நீதிமன்றப் பிடியில் இருந்தது போன்ற சில நிலைமைகளில் மட்டுமே மேல் நீதிமன்றம். மாதம் சில பவுண்டு வாங்கிய சாதாரண மாலுமிக்கு 50 பவுண்டு பாக்கி சேர்வது அபூர்வம். எனவே முதலில் மாஜிஸ்திரேட், அப்புறம்தான் உயர் நீதிமன்றம்.

இன்னொரு முடிச்சு இருக்கிறது. இது தெரியாமல் பல கோப்புகளைக் கையில் எடுத்தும் கீழே வைத்திருக்கிறோம். பிரிட்டனில் முடியும் பயணத்துக்கு ஒப்பந்தம் போட்ட மாலுமி, நடுவழித் துறைமுகத்தில் இறங்கிச் சம்பளத்துக்கு வழக்குப் போட முடியாது. இரண்டு விதிவிலக்குதான். ஒன்று, முறைப்படியான அனுமதியோடும் கேப்டனின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடும் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். மற்றொன்று, கப்பலில் தொடர்ந்து இருந்தால் உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் அளவுக்குத் தன்னைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று நிரூபிக்க வேண்டும்.

இதன் விளைவை யோசியுங்கள். சென்னையில் கரையிறங்கி நின்ற மாலுமிக்குச் சம்பளம் வேண்டுமென்றால், அடியையும் பட்டினியையும் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். அதனால் 'சம்பளம்' என்ற தலைப்பில் மட்டும் தேடாதீர்கள். 'தாக்குதல்', 'கொடுமை' என்ற தலைப்புகளிலும் தேடுங்கள். அங்கே கிடைக்கும் கோப்பின் கடைசிப் பக்கத்தில் சம்பளக் கணக்கு இருக்கும்.

கேப்டன் மாலுமி மேல் கொடுக்கும் புகார் வேறு பாதை. வேலையை விட்டு ஓடினால் 12 வாரம் வரை சிறை, கப்பலில் விட்டுப்போன உடைமையும் சேர்ந்த சம்பளமும் பறிபோகும். கட்டளையை வேண்டுமென்றே மறுத்தால் 4 வாரம் வரை. தொடர்ந்து மறுத்தாலோ, பலர் சேர்ந்து மறுத்தாலோ, கேப்டனை அடித்தாலோ 12 வாரம் வரை. 1880-க்குப் பின் பிரிட்டனுக்குள் ஓடிப்போனதற்காகச் சிறை இல்லை. வெளியே, அதாவது நம் ஊரில், 1894 சட்டத்திலும் அந்த 12 வாரம் அப்படியே இருந்தது. ஒரே கப்பல், ஒரே குற்றம், லிவர்பூலில் ஒரு விதம், சென்னையில் ஒரு விதம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வயிறு எரியும் இடம் இது.

நடுக்கடலில் நடந்த கடுமையான தாக்குதல் அல்லது கொலை என்றால் மட்டும் குற்றவியல் விசாரணைக்கு மேல் நீதிமன்றம். கடலில் நடந்த குற்றத்தைக் காலனியிலேயே விசாரிக்க 1849-இல் சட்டம் வந்தது. 1860-இல் அதை இந்தியாவுக்கும் நீட்டினார்கள்.

6. லாக் புத்தகம்: கேப்டனின் கையெழுத்துக்குள் மாலுமியின் குரல்

நமக்குக் கிடைப்பதெல்லாம் கேப்டன் எழுதியது. எழுதப் படிக்கத் தெரியாத மாலுமி ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருப்பார். அப்படியானால் அவர் பக்கத்தை எங்கே தேடுவது?

1850-இன் சட்டத்திலிருந்து கப்பல்களில் அதிகாரபூர்வ லாக் புத்தகம், அதாவது பயணத்தில் நடப்பதைப் பதியும் குறிப்பேடு, கட்டாயமானது. 1854-ஆம் ஆண்டின் சட்டத்தின் 244-ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மாலுமி குற்றம் செய்தால் கேப்டன் லாக்கில் எழுத வேண்டும். மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) அல்லது இன்னொரு மாலுமியும் கையெழுத்திட வேண்டும். எழுதியதை மாலுமிக்கு நகல் தர வேண்டும், அல்லது தெளிவாக, காது கேட்கும்படி வாசித்துக் காட்ட வேண்டும். அவர் என்ன பதில் சொன்னாரோ அதையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வழக்கு வரும்போது இந்தப் பதிவைக் காட்டாவிட்டால் அந்தக் குற்றத்துக்கான சாட்சியத்தை ஏற்க மறுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆகவே லாக்கில் ஒரு புகாரைக் கண்டால் நான்கு விஷயத்தை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் தேதி. குற்றம் நடந்த தேதியும் எழுதிய தேதியும் ஒன்றா? துறைமுகம் வருவதற்கு முந்தின நாள், ஒரே மையில், ஒரே மூச்சில் ஐந்து பழைய குற்றங்களை எழுதியிருந்தால், வழக்குக்காகத் தயார் செய்தது என்று நான் சந்தேகப்படுவேன்.

இரண்டாவது, இரண்டாம் கையெழுத்து யாருடையது? மூன்றாவது, வாசித்துக் காட்டியதாக வரி இருக்கிறதா? லஸ்கர் என்றால் யார் மொழிபெயர்த்தார்கள் என்றும் தேடுங்கள். செரங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்து, தகராறும் செரங்கோடுதான் என்றால் அந்தப் பதிலை அப்படியே நம்ப முடியாது.

நான்காவது, பதில். ஓர் அம்மையார் தம் பாட்டனாரின் கப்பல் லாக்கின் நகலை வரவழைத்து என்னிடம் காட்டினார். 'வேலை செய்ய மறுத்தார்' என்று பெரிய எழுத்தில் ஒரு பத்தி. அவர் அதோடு நிறுத்திவிட்டு, தாத்தா சோம்பேறியாக இருந்திருப்பார் போல என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். மறுபக்கத்தின் மேலே, நெருக்கியடித்து, ஒன்றரை வரி: காய்ச்சல் என்று மூன்று நாளாகச் சொல்கிறேன், மருந்து தரவில்லை என்கிறார். அந்த அம்மையார் அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். எழுதியது கேப்டன்தான். ஆனால் எழுத வைத்தது சட்டம். அந்த ஒன்றரை வரிக்காகத்தான் இவ்வளவு அலைச்சலும்.

'பதில் ஒன்றும் சொல்லவில்லை' என்றே பல இடங்களில் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுப் புகாருக்குத் தனி வழி உண்டு. மாலுமிகளில் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து சொன்னால் தண்ணீரையும் உணவையும் சோதிக்கச் சொல்லி ஷிப்பிங் மாஸ்டர், சுங்க அதிகாரி போன்றோரிடம் போகலாம். சோதனை முடிவும் லாக்கில் ஏறும். ஒருவர் மட்டும் சொன்ன புகாருக்குத் தடயமே இல்லாமல் போனால், இந்த எண்ணிக்கையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

7. எழும்பூரில் தேடும் முறை

இவ்வளவும் தெரிந்தபின் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு வாருங்கள். அடையாள அட்டை, எதற்காகத் தேடுகிறீர்கள் என்ற கடிதம், பென்சில். அனுமதி முறைகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கோப்பைக் கேட்க மூன்று வேண்டும்: துறை, எண், தேதி. இந்த மூன்றும் அந்தந்தத் துறையின் ஆண்டு அட்டவணையில் இருக்கும். முதலில் கடல் சார்ந்த துறையின் அட்டவணை, அடுத்து நீதித்துறை, அடுத்து பொதுத்துறை. ஓடிப்போன மாலுமி, பட்டினி கிடக்கும் மாலுமி, ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய மாலுமி என்று மூன்று கோணத்திலும் பாருங்கள். யார் செலவு ஏற்பது என்ற சண்டையில்தான் அரசு நிறையக் காகிதம் எழுதியது.

அட்டவணையில் மூன்று மாஸ்டர் வருவார்கள். மாஸ்டர் என்றால் கப்பல் கேப்டன். ஷிப்பிங் மாஸ்டர் என்றால் ஒப்பந்தங்களைக் கவனிக்கும் அரசு அதிகாரி. மாஸ்டர் அட்டெண்டன்ட் என்றால் துறைமுகத்தின் அதிகாரி. 'மாஸ்டர் புகார்' என்று கண்டவுடன் யார் என்று பாருங்கள்.

18-ஆம் நூற்றாண்டு வழக்கு என்றால் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளும் மேயர் நீதிமன்றக் குறிப்புகளும் அச்சிலேயே வந்திருக்கின்றன. மூலத்தைக் கேட்கும் முன் அச்சுப் பிரதியைப் பாருங்கள். கண்ணுக்கும் நல்லது, பழைய தாளுக்கும் நல்லது.

8. மாஜிஸ்திரேட் தாள் இல்லாவிட்டால்

பெரும்பாலும் கிடைக்காது. அதற்குப் பதில் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளின் போலீஸ் கோர்ட் பத்தி. பக்கத்துத் தெருவில் இருக்கும் கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். முதலில் கப்பல் வந்த, போன தேதிகளைக் கப்பல் செய்திப் பத்தியில் பிடியுங்கள். வழக்கு அந்த இரண்டு தேதிக்கு நடுவில்தான் இருக்கும். கப்பல் கிளம்பிவிட்டால் சாட்சிகளும் போய்விடுவார்கள். ஆகவே பத்து நாள் பத்திரிகையைப் புரட்டினால் போதும், பத்து மாதம் வேண்டாம்.

9. பணக் கணக்கு

லஸ்கர் சம்பளம் ரூபாயில், ஐரோப்பிய மாலுமியின் சம்பளம் பவுண்டு, ஷில்லிங், பென்ஸில். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 1818-க்கு முந்தின சென்னைக் கணக்கு வராகனில் இருக்கும்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இன்றைய ரூபாய்க்கு மாற்ற முயலாதீர்கள். அதே கப்பலில் இன்னொருவர் என்ன வாங்கினார் என்று ஒப்பிடுங்கள், அதுதான் பேசும்.

கையில் வந்த தொகை ஒப்பந்தத் தொகையைவிடக் குறைவாக இருந்தால் உடனே மோசடி என்று எழுதிவிடாதீர்கள். முன்பணம், வீட்டுக்கு மாதாமாதம் அனுப்பச் சொன்ன தொகை, கப்பலில் வாங்கிய புகையிலை, துணி, லாக்கில் ஏறிய அபராதம் என்று ஒவ்வொன்றாகக் கழியுங்கள். அபராதம் என்றால் ஆறாம் படியில் சொன்ன லாக் பதிவு இருக்க வேண்டும். பதிவு இல்லாத அபராதத்தைக் கண்டால் அடிக்கோடு போடுங்கள்.

கப்பல் மூழ்கிய வழக்கா? 1854-க்கு முன் சரக்குக் கூலி வராத பயணத்துக்குச் சம்பளமும் இல்லை என்பது விதி. ஆள் உயிரோடு கரையேறினாலும் அதுவரை உழைத்த மாதங்களுக்குக் காசு கிடைக்காமல் போகலாம். 1854-ஆம் ஆண்டின் சட்டம்தான் அதை முழுமையாக நீக்கியது. அதற்கு முந்தின ஆண்டுக் கோப்பில் 'கோரிக்கை நிராகரிப்பு' என்று இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

10. தடுமாற வைக்கும் இரண்டு சொற்கள்

'கலகம்' என்று பத்திரிகை எழுதியிருக்கும். வணிகக் கப்பலில் நாலு பேர் சேர்ந்து வேலை நிறுத்தியதை அப்படி எழுதுவது வழக்கம். குற்றச்சாட்டின் பிரிவைப் பாருங்கள். 'கட்டளை மீறக் கூட்டுச் சேர்ந்தது' என்று இருந்தால் அது 12 வார விவகாரம். கப்பலையே கைப்பற்றியது என்றால் அது கடற்கொள்ளைச் சட்டத்துக்குள் போகும், தூக்கு வரை.

'ஓடிப்போனவர்' என்பதும் அப்படித்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 137-ஆம் பிரிவில் கப்பல் மாஸ்டருக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்று கண்டதும், இதோ நம் வழக்கு என்று பலர் குதிக்கிறார்கள். அது ராணுவத்திலிருந்தோ கடற்படையிலிருந்தோ ஓடிவந்தவர் வணிகக் கப்பலில் ஒளிந்திருந்ததைப் பற்றியது.

11. எழுதி வைக்கும்போது

ஒவ்வொரு தாளுக்கும் துறை, எண், தேதி, பக்கம், எழுதியவர் யார், யார் சொல்லி எழுதினார் என்ற ஆறையும் பென்சிலால் அன்றே குறித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று வைத்தால் இரண்டு கோப்புகள் கலந்துவிடும். மாலுமியின் பதில் வரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையோடு அப்படியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டாம். தமிழாக்கத்தை அதன் கீழே எழுதுங்கள்.

நகல் எடுக்க விண்ணப்பிக்கும்போது லாக் பக்கத்தின் பின்பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.